மலைநாட்டுக்கு ஒரு குடும்ப வைத்தியர்

கண்டிக்குத் தென்கிழக்கே கலஹாவைக் கடந்து மலையேறினால் தெல்தோட்டை வரும். அதற்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில்தான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அப்பயிரை வளர்த்தோரின் உடல்நலமோ நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே பெரும்பாலும் விடப்பட்டிருந்தது. 1926இல் களுத்துறையில் தோன்றிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடிச் செல்லும் மருத்துவிச்சியைக் கிராமத்துக்கு அளித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1990களிலேதான்.

இன்று மலைநாட்டைப் பிடித்திருப்பவை நீரிழிவும் இரத்த அழுத்தமும். இவை ஒரு புட்டி மருந்தோடு தீர்வன அல்ல. ஒவ்வொரு முறையும் புதிய வைத்தியரிடம் பழைய துண்டை நீட்டுபவருக்கு முழுப் பயன் கிட்டாது; அவரது குடும்பத்தையும் உணவையும் தொழிலையும் அறிந்த ஒருவர் வேண்டும். அவரே குடும்ப வைத்தியர். வயது வந்தோரைப் பரிசோதிக்கும் சுகவாழ்வு நிலையங்கள் 2011இல் தொடங்கின. ஒவ்வொருவருக்கும் குடும்ப வைத்தியர் எட்டவேண்டும் என்பது 2018இல் வகுக்கப்பட்ட அரசாங்கக் கொள்கை. நல்ல திட்டமே.

ஆனால், கொழுந்தெடுக்கும் தாயொருத்தி காலையில் கிளினிக்குக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும். மாத்திரை தீர்ந்தும் அவள் வராததை அலட்சியம் என்போர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மொழி வேறு தடையாகிறது. தாய்க்கு மொழிபெயர்க்க வகுப்பை விட்டுச் செல்லும் பிள்ளைகளை ஆசிரியனாகிய நான் நன்கறிவேன். மாலையிலும் கதவு திறந்திருந்து, உள்ளே தமிழில் நோய் கேட்கும் ஒருவர் இருப்பாராயின், அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருக்கும்.