வார்டில் பிள்ளை, கூடவே அம்மா: நாம் என்ன செய்யலாம்?

பக்கத்து வீட்டு அக்காவைப் பத்து நாளாகக் காணோம். போன் செய்தால், "பையனுக்கு உடம்பு சரியில்லப்பா, ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று சட்டென முடித்துவிடுகிறார். விஷயம் மெல்லத் தெரியவருகிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்குப் போதை மாத்திரைப் பழக்கம். மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

காய்ச்சல் என்றால் பிரெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இதற்கு மட்டும் 'போகலாமா, வேணாமா' என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தில் அந்த அம்மா தனியாகிவிடுகிறார்.

அவர் ஏன் வீட்டுக்கே வருவதில்லை?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி 18 வயதுக்குக் குறைந்தவரை உள்நோயாளியாகச் சேர்த்தால், பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ சிகிச்சை முடியும்வரை கூடவே தங்க வேண்டும். பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அம்மா வார்டில் இருந்தால், வீட்டில் அடுப்பு, இளைய பிள்ளையின் பள்ளி, தினக்கூலி எல்லாம் அப்படியே நின்றுபோகும். நம் உதவி தேவைப்படுவது இங்கேதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

• "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். "நாளைக்கு மதியச் சாப்பாடு நான் கொண்டு வரேன்" என்று சொல்லுங்கள்.
• இளைய பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அழைத்து வாருங்கள்.
• நெருங்கிய உறவினர் என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒருநாள் வார்டில் மாற்றாளாக இருங்கள். அவர் வீட்டுக்கு வந்து குளித்துத் தூங்கட்டும்.
• "எப்படி ஆச்சு? நீங்க கவனிக்கலையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார்.
• வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். நாளைக்கு அதே பையன் அதே பள்ளிக்குப் போக வேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

• தனியார் மையம் என்றால், இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள்.
• சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது.
• சங்கிலியால் கட்டுவது, கட்டாயமாக மொட்டை அடிப்பது இரண்டுக்கும் சட்டத்தில் தடை உண்டு.
• உங்கள் சம்மதத்தோடுதான் சிகிச்சை தர வேண்டும். என்ன மருந்து, எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.
• சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மையம் தகவல் தர வேண்டும். 30 நாள்களைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் ஆய்வு செய்யும்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்

• 14416: டெலி மனஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமில்லை, தூக்கம் வராமல் தவிக்கும் பெற்றோரும் தங்களுக்காகவே கூப்பிடலாம்.
• 14446: போதை மீட்பு உதவி எண்
• 1098: குழந்தைகள் உதவி எண்
• 15100: இலவச சட்ட உதவி

பையன் வீடு திரும்பும் நாளில் தெருவே எட்டிப் பார்க்க வேண்டாம். எப்போதும்போல "என்னப்பா, சாப்டியா?" என்று கேளுங்கள். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் அன்றைக்கு அது போதும்.