தேடும் விரல், பதில் கேட்கும் மூளை



இருட்டில் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடுகிறோம். கண் உதவாத இடத்திலும் விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. எப்படி?

ஒரு பொருள் நம் கைமேல் படுவது வேறு. நாமே கையை அசைத்துத் தடவி அறிவது வேறு. 1962-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் கிப்சன், பிஸ்கட் வெட்டும் அச்சுகளை வைத்து இதைச் சோதித்தார். அசையாத உள்ளங்கையில் அச்சை அழுத்தியபோது, ஏறக்குறைய பாதித் தடவைதான் அதன் வடிவம் சரியாகச் சொல்லப்பட்டது. விரல்களால் தடவிப் பார்க்க விட்டபோதோ 95 விழுக்காடு சரியாயிற்று.

காரணம் இதுதான். கையை அசைக்கக் கட்டளையிடும் மூளை, விரலுக்கு என்ன தெரியவரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுகிறது. பிறகு விரல்நுனியிலிருந்து வரும் செய்தியை அதோடு ஒப்பிடுகிறது. எதிர்பார்த்த செய்தி என்றால் அதைத் தணித்துவிடும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாதது இதனால்தான். எதிர்பாராத செய்தி என்றால் உடனே விழித்துக்கொள்ளும். கையிலுள்ள டம்ளர் சற்றே வழுக்கினால், நாம் நினைக்குமுன், பத்தில் ஒரு விநாடிக்குள் விரல்கள் பிடியை இறுக்குகின்றன.

அந்தச் செய்தி வராமலே போனால்?

தொழுநோயில் நரம்புகள் பாதிக்கப்படும்போது இதுவே நேரிடுகிறது. கையில் பலம் இருக்கலாம். எவ்வளவு அழுத்தினால் போதும் என்பது மூளைக்குத் தெரியாது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் ஓர் அனுபவத்தைக் கூறியிருக்கிறார். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை கிழிந்திருந்தும் அவனுக்கு வலிக்கவில்லை. அது அசாதாரண பலம் அல்ல. "போதும்" என்று சொல்ல அவன் விரலுக்கு வழியில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு விரலின் வேலையைக் கண் செய்ய வேண்டும். சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிப்பதும், மாலைதோறும் கைகால்களைப் பார்த்துக் காயம் தேடுவதும் அவர்கள் கற்கவேண்டிய பாடங்கள்.

இழந்த உணர்ச்சி பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றால் அதைக் காக்கலாம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவருடைய தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமலைக் கண்டால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நடை அவருடைய கைகளைக் காப்பாற்றலாம்.