பாட்டன் போருக்குப் போனானா? காகிதம் காட்டு!

அமெரிக்க "தியாகி வாரிசு" சங்கங்கள் கதவை மூடிய கதை, திறந்த கதை

சென்னை கோட்டை மியூசியத்துக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் பெரிய சலவைக்கல் சிலையைப் பார்த்திருப்பார்கள். காரன்வாலிஸ் பிரபு! திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்த அதே காரன்வாலிஸ்தான்.

ஆனால் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் அவர் வாங்கிய அடி பலருக்குத் தெரியாது.

1781 அக்டோபர் 19-ந்தேதி. வர்ஜீனியாவில் யார்க்டவுன் என்ற ஊர். வாஷிங்டனின் படை ஒருபக்கம், பிரெஞ்சுப் படை இன்னொரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட காரன்வாலிசின் படை ஆயுதங்களைக் கீழே போட்டது. "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவர் சரணாகதிக்கு நேரில் வரவே இல்லை. தனக்கு அடுத்த அதிகாரியை அனுப்பி வைத்தார். ஐந்து வருஷம் கழித்து, 1786-ல், கவர்னர் ஜெனரலாக இந்தியாவில் வந்து இறங்கினார்.

சரி, அவரைத் தோற்கடித்த அந்தச் சாதாரண சிப்பாய்கள் என்ன ஆனார்கள்?

அவர்களுடைய கொள்ளுப்பேரன்களும் எள்ளுப்பேத்திகளும் இன்றைக்கும் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து நடத்துகிறார்கள்! மாசாமாசம் கூடுகிறார்கள். சாப்பிடுகிறார்கள். கல்லறை தேடிப் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சங்கத்தில் சேருவது மட்டும் லேசுப்பட்ட காரியம் இல்லை.

மகன்கள் சங்கம், மகள்கள் சங்கம்

வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றது 1789 ஏப்ரல் 30-ந்தேதி. அதிலிருந்து சரியாக 100 வருஷம் நிறைந்த நாளில், 1889-ல், நியூயார்க்கில் தொடங்கப்பட்டது "அமெரிக்கப் புரட்சியின் மகன்கள்" சங்கம். 1906-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அதற்குத் தனிச் சட்டம் போட்டு அங்கீகாரம் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் சங்கத்தில் ஒரு உறுப்பினர்தான்! இன்றைக்கு அதன் தலைமை நிலையம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் இருக்கிறது.

தொடங்கிய மறுவருஷமே தகராறு வந்தது. "பெண்களுக்கு இடம் இல்லை" என்று 1890-ல் ஆண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மேரி லாக்வுட் என்ற பெண்மணிக்கு ஆத்திரம் பொங்கியது. பேனாவை எடுத்தார். "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் ஒரு கதையை எழுதினார். போர்க்காலத்தில் நியூஜெர்சியில் சில ஆண்கள் கூடி, "பிரிட்டிஷார் மன்னிப்புத் தருகிறார்களாம், வாங்கிக் கொள்ளலாமா?" என்று பேசிக் கொண்டிருந்தார்கள். ஹன்னா ஆர்னெட் என்ற பெண் அந்த அறைக்குள் நுழைந்து, தன் கணவன் உட்பட எல்லாரையும் விளாசித் தள்ளினாள். "இந்தப் பெண்ணை உங்கள் சங்கத்தில் எங்கே வைப்பீர்கள்?" என்பதுதான் மேரியின் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், ஆண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமான வில்லியம் மெக்டொவல், அந்த ஹன்னாவின் கொள்ளுப்பேரன்! "நான் உதவி செய்கிறேன்" என்று அவரே முன்வந்தார்.

1890 அக்டோபர் 11-ந்தேதி வாஷிங்டனில் "அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்" சங்கம் பிறந்தது. அப்போதைய ஜனாதிபதி ஹாரிசனின் மனைவி கரோலின் ஹாரிசன்தான் முதல் தலைவி. இப்போது சுமார் 3,000 கிளைகள், சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் உறுப்பினர்கள். தங்கச்சி அண்ணனை மிஞ்சிவிட்டாள்!

இந்தப் பெண்கள் சங்கத்தின் சின்னம் என்ன தெரியுமா? ராட்டை!

பிரிட்டிஷ் துணி வேண்டாம் என்று பகிஷ்கரித்து, அமெரிக்கப் பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்ற காலம் அது. நம் ஊர் கதர் கதைக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்த அக்காள் கதை.

"காகிதம் எங்கே?"

உறுப்பினராக என்ன தகுதி? பணம் வேண்டாம், பதவி வேண்டாம். உங்கள் நேர் முன்னோர் ஒருவர், 1775 ஏப்ரலில் போர் தொடங்கியதிலிருந்து 1783 நவம்பரில் பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் காலி செய்யும் வரைக்கும் உள்ள காலத்தில், விடுதலைக்காக ஏதாவது செய்திருக்க வேண்டும்.

துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படைக்கு மாடு கொடுத்தவர், மாவு கொடுத்தவர், விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், ஊர்க் கமிட்டியில் இருந்தவர் எல்லாருமே கணக்கில் சேர்த்திதான்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டும்! உங்களிடமிருந்து அப்பா அல்லது அம்மா, அவரிடமிருந்து தாத்தா அல்லது பாட்டி என்று ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு ஆகிய மூன்றுக்கும் சான்று கேட்பார்கள். ஒரு படி உடைந்தாலும் மனு நின்றுவிடும். வாரிசு சர்டிபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீசில் கால் தேய நடந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இதில் இன்னொரு சோதனை. 1800-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க யுத்த இலாகா அலுவலகம் தீப்பிடித்து, படைப் பதிவேடுகள் சாம்பலாகிவிட்டன.

பிறகு காப்பாற்றியது எது? பென்ஷன் மனுக்கள்! 1818-லும் 1832-லும் பழைய சிப்பாய்களுக்குப் பென்ஷன் சட்டங்கள் வந்தன. கிழவர்கள் கோர்ட்டுக்கு வந்து, "இந்தத் தளபதியின் கீழ் இருந்தேன், இந்தச் சண்டையில் நின்றேன்" என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். ஏழைதான் என்று காட்டுவதற்காக வீட்டுச் சட்டி பானை, மாடு கன்று வரைக்கும் ஜாபிதா போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு. விதவைகள், கல்யாணத் தேதியைக் காட்ட, வீட்டுப் பைபிளில் எழுதி வைத்திருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காக அன்று எழுதிய மனு, இன்றைக்குப் பேரப்பிள்ளைக்குப் பெருமைச் சீட்டு!

மாசாமாசம் என்ன நடக்கிறது?

சேர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலான கிளைகளில் மாதம் ஒரு கூட்டம். மத்தியானச் சாப்பாடு அல்லது இரவுச் சாப்பாடு. கொடி வணக்கம். யாராவது ஒருவர் சரித்திரப் பேச்சு. புதிதாகச் சேர்ந்தவர் எழுந்து நின்று, "என் பாட்டனார் இன்னார்" என்று சொல்லும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். வக்கீலும் வருவார், ரிடையர்டு வாத்தியாரும் வருவார், விவசாயியும் வருவார். ஒரே மேஜை.

மற்ற நாட்களில் வெளிவேலை. புல் மண்டிய பழைய கல்லறைகளைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, "இங்கே ஒரு புரட்சி வீரர்" என்று உலோகப் பட்டயம் பதிப்பார்கள். அன்றைக்கு ஆண்கள் சிலர் அந்தக் கால உடுப்பும் முக்கோணத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து அணிவகுப்பார்கள். பார்க்கக் கூட்டம் கூடும்.

போலீஸ்காரர், தீயணைப்புக்காரர்களுக்கு மெடல். மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் தொண்டு. செப்டம்பர் 17 முதல் 23 வரை அரசியல் சட்ட வாரம். பெண்கள் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1956-ல் சட்டமாக வந்த வாரம் அது.

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பிரஜா உரிமை வாங்கும் நாளில், இந்தச் சங்கத்தார் போய்க் கொடி கொடுத்து வரவேற்பது இன்னொரு வழக்கம். எட்டுத் தலைமுறைக்காரர், நேற்று வந்தவருக்குக் கை கொடுக்கிறார்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே சங்கத்துக்கு மாறாத தழும்பு ஒன்று உண்டு.

பாடகிக்குப் பூட்டிய கதவு

வாஷிங்டனில் பெண்கள் சங்கத்துக்குச் சொந்தமாக "கான்ஸ்டிடியூஷன் ஹால்" இருக்கிறது. 3,700 பேர் உட்காரலாம். 1939-ல் மரியன் ஆண்டர்சன் என்ற உலகப் புகழ் பாடகி அங்கே பாட இடம் கேட்கப்பட்டது.

"முடியாது" என்றது சங்கம்.

காரணம், அவர் கறுப்பினப் பெண். வெள்ளைக்காரக் கலைஞர்களுக்கு மட்டும்தான் மண்டபம் என்று விதி!

நாடே கொதித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார், "இந்தச் சங்கத்தில் இருக்க எனக்கு இஷ்டம் இல்லை" என்று ராஜினாமா செய்தார். அந்த ஏப்ரல் 9-ந்தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று மரியன் பாடினார். கூடியவர்கள் 75 ஆயிரம் பேர்! ரேடியோவில் கேட்டவர்கள் வேறு.

1943-ல் யுத்த நிதிக் கச்சேரிக்காக அதே ஹாலில் அவர் பாடினார். 2005-ல் அவர் தபால் தலை வெளியிடப்பட்டதும் அதே ஹாலில்தான்.

கையெழுத்துப் போட ஆளில்லை!

பாடகிக்கு மேடை கிடைத்துவிட்டது. ஆனால் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஆக முடியுமா?

1977-ல்தான் அது நடந்தது. டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த கேரன் ஃபார்மர், பென்சில்வேனியாவில் சேவை செய்த வில்லியம் ஹூட் என்ற வெள்ளைக்காரர் தன் முன்னோர் என்று படிப்படியாக நிரூபித்தார். சங்கம் சேர்த்துக் கொண்டது.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை.

வாஷிங்டனில் லீனா ஃபெர்குசன் என்ற பெண்மணி. ஸ்கூல் ஆபீசில் வேலை பார்த்தவர். ஜோனா கே என்ற முன்னோரின் வழி வந்தவர் என்பதற்கு எல்லாச் சான்றும் கையில் இருந்தது. ஆனால் ஊர்க் கிளையில் இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் குறை இல்லை. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை!

அவர் விடவில்லை. 1984-ல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. வாஷிங்டன் நகரசபையில் வரிச்சலுகையே கேள்விக்குள்ளானது. சங்கம் இறங்கி வந்தது. இனத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று விதி மாற்றப்பட்டது. லீனா கிளையில் சேர்ந்தார்.

அவர் தனக்கு மட்டும் நியாயம் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. "புரட்சியில் போராடிய கறுப்பர்களின் பெயர்களைச் சங்கமே தேடிப் பிடிக்க வேண்டும்" என்ற ஒப்பந்தத்தையும் வாங்கினார். அந்தத் தேடல் வருஷக்கணக்கில் நடந்தது. "மறக்கப்பட்ட தேசபக்தர்கள்" என்ற பெயரில் 2008-ல் வந்த பெரிய புத்தகத்தில் கறுப்பர்கள், செவ்விந்தியர்கள் என்று 6,600 பேருக்கு மேல் இருக்கிறார்கள்!

பேரே இல்லாத மனுஷர்கள்

விடுதலைப் படையில் போரிட்ட கறுப்பர்கள் சுமார் 5,000 பேர் என்பது சரித்திர ஆசிரியர்களின் கணக்கு. ரோட் ஐலண்ட் மாநிலம் 1778-ல், "படையில் சேர்ந்தால் விடுதலை" என்று சொல்லியே அடிமைகளைச் சேர்த்தது.

ஆனால் அவர்களுடைய வாரிசுகள் எப்படி நிரூபிப்பது? 1850, 1860 ஜனத்தொகைக் கணக்குகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பேரே கிடையாது. எஜமான் பேருக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான்! 1870 கணக்கில்தான் விடுதலையான கறுப்பர்கள் எல்லாரும் பேரோடு பதிவானார்கள். அதற்கு முன்னால் ஒரு சுவர். அதைத் தாண்ட உயில், நிலப் பத்திரம், பென்ஷன் மனு என்று ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும்.

தாண்டியவர்களும் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 2006-ல் ஆண்கள் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய முன்னோர் ஜான் ரெட்மன், அடிமைத்தளை இல்லாத கறுப்பர், வாஷிங்டனின் படையில் சிப்பாய்.

"பாட்டன் பேரைச் சொல்லிப் பெருமை அடிப்பது என்ன சார் பெருமை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தோலைப் பார்த்துக் கதவை மூடிய சங்கத்தை, அதே சங்கத்தின் விதிப்படி காகிதம் காட்டியே திறக்க வைத்தார்கள் இவர்கள். "எங்கள் பாட்டனும் அந்தக் களத்தில் நின்றான்" என்ற ஒரு வரியை மறுக்க யாராலும் முடியவில்லை.

நம் நாட்டில் 1972-ல் மத்திய அரசு தியாகி பென்ஷன் திட்டம் கொண்டு வந்தபோது, ஜெயில் சர்டிபிகேட் கேட்டார்கள். பதிவேடு கிடைக்காதவர்கள், கூட இருந்த சக கைதியிடம் சான்று வாங்கினார்கள். அதற்கும் வழி இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறதா? பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். செல்லரித்த ஒரு தாள் உள்ளே கிடக்கலாம்!