நாயின் காதில் ஓர் உண்ணி

திண்ணையோரம் படுத்துக் கிடக்கும் வீட்டு நாயின் காதை மடக்கிப் பார்த்து, அதன் உட்புறத்தில் ஆமணக்கு விதைபோல் உப்பியிருக்கும் உண்ணியைக் கண்டதும், பூச்சி என்று சொல்லி முகஞ்சுளிக்காதவர் இல்லை. எட்டுக் கால்களையுடைய இந்த ஜந்து பூச்சி ஜாதியைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் பந்து. ஆமணக்கு உவமையும் நமக்கு மட்டும் தோன்றியதன்று: லத்தீன் மொழியில் இரண்டுக்கும் ரிசினஸ் என்ற ஒரே பெயர்தான்.

நம் நாய்களைப் பெரிதும் பீடிப்பது பழுப்பு நிற உண்ணி. முன்னங்கால் நுனியிலுள்ள நுண்ணிய உறுப்பினால் நாயின் மூச்சையும் வாடையையும் அறிந்து வந்து, பின்னோக்கிச் சாய்ந்த பற்களையுடைய வாயைத் தோலுக்குள் ஊன்றி, நோவு தெரியாமலும் ரத்தம் உறையாமலும் இருக்க உமிழ்நீரைச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு வாரம் குடித்துப் பருத்த பெட்டை, தானாகவே உதிர்ந்து, சுவரிடுக்கில் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. பொரிந்து வரும் குஞ்சுக்கு ஆறே கால்கள். அது நாய்மேல் ஏறிக் குடித்து, இறங்கித் தோலுரித்து, எட்டுக் காலோடு மறுபடி ஏறி இறங்கி, மூன்றாம் முறை ஏறும்போதுதான் முழு உண்ணி. ஆகவே அதன் ஆயுளில் பெரும்பகுதி கழிவது நாயின் உடம்பிலன்று, நம் வீட்டுச் சுவரில். தினந்தோறும் குளிப்பாட்டியும் ஒழியவில்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை.

நாயைப் பீடிக்கும் மற்றொன்றான தெள்ளு மெய்யாகவே பூச்சி, சிறகுதான் இல்லை. அதன் முட்டை, ஈரைப்போல் ரோமத்தில் ஒட்டாமல், நாய் படுக்கும் சாக்கில் உதிர்கிறது. புழு, பெரியவை கழித்த உலர்ந்த ரத்தத்தைத் தின்று வளர்ந்து, கூடு கட்டி, காலடி அதிர்வு எட்டும்வரை மாதக்கணக்கிலும் காத்திருக்கும். நெடுநாள் பூட்டிய வீட்டைத் திறந்ததும் கணுக்கால் அரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிப்போடு போனால் பாதகமில்லை. மாடுகளின் கொள்ளைக் காய்ச்சலை உண்ணி பரப்புவதை அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிரூபித்து வெளியிட்டார்கள்; பிளேக்கைத் தெள்ளு கடத்துவதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் கண்டார். நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் உண்டு. தீனி வெறுத்து ஈறு வெளுத்தால் கால்நடை வைத்தியரிடம் தாமதியாமல் போக வேண்டும்.

உண்ணியை ஊதுவத்தியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் மூட வழக்கம். தோலையொட்டி இடுக்கியால் பிடித்து, நசுக்காமல் நேராக இழுப்பதே முறை. படுக்கைச் சாக்கை வெந்நீரில் அலசி, சுவரிடுக்கைப் பூசி அடைக்க வேண்டும். மருந்தை வைத்தியர் சொன்னபடி இடலாம். ஆனால் நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தில் மிச்சமிருக்கிறதே என்று சிக்கனம் பார்த்துப் பூனைக்குத் தடவிவிடக் கூடாது. நாய் தாங்கும் அந்த மருந்தைப் பூனையின் உடல் சிதைத்து வெளியேற்ற மாட்டாது. நடுக்கமும் வலிப்பும் கண்டு, அது இறந்தும் போகலாம்.