மூன்று பல்லாரியும் கால் லிட்டர் தண்ணீரும்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசிச் சமையலறையில் ஒரு பொருளை மொறுமொறுப்பாக வைத்திருப்பது பெரும்பாடு. பொரித்த அப்பளம் பந்தி முடிவதற்குள் துவண்டுவிடும். மூடி சரியாகப் போடாத டப்பாவில் மிக்சர் ஒரே இரவில் நமுத்துப்போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் நுழைகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டுவதும், வீட்டில் உப்பு கசிந்து ஜாடியோடு ஒட்டிக்கொள்வதும் அந்த ஒரே காற்றின் வேலை. அருவிக்காகத்தான் சொந்தக்காரர்கள் சீசனில் வந்து இறங்குகிறார்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்புகிறவர்களுக்கு டீயோடு சூடாக, காரமாக ஏதாவது தர வேண்டும். ரமலான் மாதமோ சீசனைப் பார்த்து வருவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் அந்த மாதம், 2014 முதல் 2016 வரை இந்தச் சாரல் நாட்களோடு சேர்ந்தே வந்தது. கடையநல்லூர் போன்ற ஊர்களில் நோன்புக் கஞ்சியோடு சமோசாவும் வடையும் தட்டில் சேர வேண்டிய மாலை வேளைகளெல்லாம் மழை மாலைகளாகவே இருந்தன.

வெங்காய சமோசாவை எடுத்துக்கொள்வோம். விருந்துப் பலகாரங்களில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. முறுக்கு உள்ளும் புறமும் காய்ந்தது. வடை வெளியே மொறுமொறுப்பாக இருந்தாலும் உள்ளே மெத்தென்றிருப்பதை நாம் குறையாக நினைப்பதில்லை. சமோசாவில் மட்டும் காகிதம்போல் காய்ந்த ஓடும் ஈரமான வெங்காயமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நடுத்தர அளவுப் பல்லாரி மூன்று சுமார் 300 கிராம் இருக்கும். வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். ஆக, மூன்று பல்லாரியை நறுக்கி மாவுத் தாளுக்குள் மடிக்கிறவர் கால் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரை அதற்குள் வைத்து மூடப் பார்க்கிறார். சமோசாவின் ருசியைப் பற்றிப் பேசும்போது மசாலாவைத்தான் முதலில் சொல்கிறோம். செய்முறையின் ஒவ்வொரு படியையும் கவனித்தால், கைப்பழக்கமாக வந்த எல்லா வேலையும் அந்தத் தண்ணீரை அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பதற்காகவே இருப்பது தெரியும். மசாலா கொஞ்சம் முன்னே பின்னே போனால் சமோசா பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் இடம் மாறினால் பிழைக்காது.

இதற்குச் சரித்திரத்திலும் ஒரு தடயம் இருக்கிறது. இன்று சமோசா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தடித்த ஓடும் உருளைக்கிழங்கும் கொண்ட வடநாட்டு வகை. ஆனால் உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே சமோசா இங்கே வந்துவிட்டது. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலில் ‘சன்பூசஜ்’ என்ற பெயரில் அது இருக்கிறது. 1330களில் தில்லிக்கு வந்து முகமது பின் துக்ளக்கின் விருந்தில் உட்கார்ந்த இபன் பதூதா, கொத்திய இறைச்சியோடு வாதுமையும் பிஸ்தாவும் வெங்காயமும் சேர்த்து, மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்த பண்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மெல்லிய ரொட்டி, உள்ளே வெங்காயம் சேர்ந்த கலவை, கொதிக்கும் நெய் என்ற அமைப்பு நம் ஊர் வெங்காய சமோசாவுக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது. அவித்துப் பிசைந்த கிழங்கு தன் ஈரத்தை மாவுச்சத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கிழங்குச் சமோசாவுக்கு ஓடு தடிமனாக இருந்தாலும் கவலையில்லை. வெங்காயம் அப்படிப் பிடித்து வைக்காது. சட்டென்று பொரிந்து முடிகிற மெல்லிய ஓடுதான் அதற்குத் தோது.

அந்த மெல்லிய ஓட்டுக்கான வித்தை தென்காசிக்காரர்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. செங்கோட்டை பிரானூரில் பார்டர் பரோட்டா போடுகிறவர் மாவை வீசி, எண்ணெய் பூசி, மடித்துச் சுற்றுவதைப் பார்த்திருப்பார்கள். மாவுக்கும் மாவுக்கும் நடுவில் எண்ணெய் இருந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டாது. சமோசா ஷீட்டுக்கும் இதே நியாயம்தான். கால் கிலோ மைதாவுக்கு அரை ஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 130 மில்லி அளவுக்குத் தண்ணீர். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். பன்னிரண்டு உருண்டை வரும். இரண்டு உருண்டைகளைப் பூரி அளவுக்குத் தட்டி, ஒன்றின் மேல் எண்ணெய் தடவி மைதா தூவி மற்றதை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்தே ஓரம்வரை தேய்க்க வேண்டும். தனியாகத் தேய்த்தால் கிழிந்துவிடும் மெல்லிசு, ஜோடியாகத் தேய்த்தால் கைக்கு அடங்குகிறது. பிறகு தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டினால் போதும். நிறம் மாறக் கூடாது. சூட்டோடு ஓரத்தைக் கிள்ளிப் பிரித்தால் இரண்டு தாள்கள் தனித்தனியாக வந்துவிடும். இந்த வாட்டலை நேரம் கடத்தும் வேலை என்று நினைத்துப் பச்சையாகவே மடிப்பவர்கள் உண்டு. எண்ணெய்க்குப் போவதற்கு முன்பே ஓட்டின் தண்ணீரில் ஒரு பங்கைக் கல்லிலேயே போக்கிவிடுவதும், மாவின் மேற்பரப்பை வேக வைத்து வெங்காயச் சாறு எளிதில் ஊறாமல் செய்வதும் இந்த வாட்டல்தான்.

மசாலாவில் கவனிக்க வேண்டியது வெங்காயத்தின் ஈரம். பல்லாரியை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் அது தானாக நீர்விடும். லேசாகப் பிழிந்துவிட்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, கொஞ்சம் சோம்புப் பொடி, மிளகாய்த்தூள் சேர்க்கலாம். கடைசியாக ஒரு கைப்பிடி மெல்லிய அவல், ஏறக்குறைய 50 கிராம், நனைக்காமல் அப்படியே போட வேண்டும். அவல் ருசிக்காகச் சேர்வது அல்ல. மிச்சமிருக்கும் சாற்றை அதுதான் குடித்து வைத்துக்கொள்ளும். ஹைதராபாத்தின் இரானி சமோசாவிலும் இதற்காகவே அவல் சேர்க்கிறார்கள். இங்கே ஒரு கேள்வி வரும்: வெங்காயத்தை வாணலியில் நன்றாக வதக்கிவிட்டால் தண்ணீர் முழுக்கப் போய்விடுமே, எதற்கு இத்தனை சுற்று? போய்விடும்தான். கூடவே வெங்காயத்தின் கடிப்பும் போய், தொக்கு அடைத்த சமோசாவாக அது மாறிவிடும். நமக்கு வேண்டியது ஓட்டுக்குள் தன் ஆவியிலேயே பாதி வெந்த, பல்லில் நறுக்கென்று படும் பல்லாரி. தண்ணீர் முழுவதையும் விரட்டாமல் அளவாக அடக்கி வைப்பது அதற்காகத்தான். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சையைப் பார்த்ததும் இரண்டு சொட்டு மசாலாவில் பிழிந்துவிடத் தோன்றும். அதைத் தட்டில் வைத்துக்கொள்ளலாம்; மசாலாவுக்குள் வேண்டாம்.

மடிப்பதில் அவசரம் கூடாது. தாளை மூன்று விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு முனையைக் குறுக்காக மடித்து, அதை மறுபடி திருப்பினால் கடலைப் பொட்டலம்போல் ஒரு கூம்பு வரும். கூம்பைக் கண்ணுக்கு நேரே தூக்கி அடிமுனையைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது. அந்த ஊசிமுனை வழியாக எண்ணெய் உள்ளே போகும், வெங்காயச் சாறு வெளியே வந்து எண்ணெயில் வெடிக்கும். ஓட்டை இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டிக்கு மிகாமல் மசாலா வைத்து, மிச்சப் பட்டையைச் சுற்றி, மைதாவைத் தண்ணீரில் கரைத்த பசையை விரலால் தடவி ஒட்ட வேண்டும். நிறைய வைத்தால் விருந்தாளிக்குச் சந்தோஷம் என்று திணிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திணித்த சமோசாவில் ஆவிக்கு இடமில்லை, அது தையலைப் பிரித்துக்கொண்டு வெளியேறும். மடித்ததை அரை மணி நேரத்துக்குள் பொரித்துவிட வேண்டும். முடியாதென்றால் உடனே ஃப்ரீசரில் வைத்துவிடலாம். சாறு உறைந்துவிட்டால் நகராது. எடுத்ததும் கரையவிடாமல் நேராக எண்ணெயில் போடலாம்.

எண்ணெய்ச் சட்டியில் நடப்பதும் தண்ணீரின் கதைதான். மிதமான சூட்டில், அதாவது ஒரு துளி மாவு போட்டால் மூன்று எண்ணுவதற்குள் மேலே எழும் பதத்தில், ஓட்டிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் நடக்கும்வரை எண்ணெய் உள்ளே அவ்வளவாக நுழைய முடியாது. நாம் பார்க்கும் குமிழியெல்லாம் வெளியேறும் நீராவி. எண்ணெய் புகைகிற சூட்டில் போட்டால் ஓடு நிமிடத்தில் சிவந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி, தட்டில் வைத்த பிறகு ஓட்டை நமுக்கவைக்கும். முறுக்குச் சுடும் பெரியவர்கள் ‘சலசலப்பு அடங்கினதும் எடு’ என்று சொல்வது சமோசாவுக்கும் பொருந்தும். குமிழி குறைந்து சத்தம் தணிந்தால் ஓடு காய்ந்துவிட்டது என்று பொருள். நிறத்தைப் பார்த்து எடுப்பதைவிடச் சத்தத்தைக் கேட்டு எடுப்பதுதான் நம்பகமானது. எடுத்ததும் எண்ணெயை உடனே வடித்துவிட வேண்டும். ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளுக்கு இழுக்கும். பலகாரம் எண்ணெய் குடிப்பதில் பெரும்பங்கு அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு நடப்பது. ஆகவே செய்தித்தாளில் குவிக்காமல் கம்பி வலையிலோ சல்லடையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிறுத்தி வைப்பது நல்லது. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் எச்சரித்திருக்கிறது. சூடு போகாதிருக்க ஹாட் பாக்ஸில் போட்டு மூடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மூடியில் திரளும் ஆவி சொட்டி, இத்தனை நேரம் விரட்டிய தண்ணீரை ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு பாடு படுவதற்குப் பதில் தட்டையும் முறுக்கும் போதாதா, அவைதானே நம்முடையவை என்று கேட்கலாம். அவை நம்முடையவை என்பதில் சந்தேகமில்லை. பத்து நாள் டப்பாவில் கிடந்து, வரும்போதெல்லாம் எடுத்துக் கொடுக்க அவற்றைவிடத் தோதானதும் இல்லை. ஆனால் அவை செய்யும் உபசாரம் வேறு. எப்போதோ செய்து வைத்ததைத் தருகிறோம் என்று முறுக்கு சொல்கிறது. நீங்கள் வந்த பிறகு அடுப்பு மூட்டினோம் என்று சமோசா சொல்கிறது. கடை ஷீட் வாங்கிக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. தண்ணீர்க் கணக்கு அதனால் மாறாது. மடிக்கும்வரை காயாமல் ஈரத்துணிக்குள் வைத்திருந்தால் சரி. பொரித்த சமோசாவையே கடையில் வாங்கி வருவது மட்டும் சாரல் நாளில் தோற்றுப்போகும் பந்தயம். பிளாஸ்டிக் பைக்குள் அது வீடு வந்து சேர்வதற்குள் தன் ஆவியிலேயே ஊறியிருக்கும். மைதாவும் எண்ணெயும் உடம்புக்கு ஆகாதே என்ற ஆட்சேபத்தை மழுப்ப வேண்டியதில்லை. மெல்லிய ஓட்டில் மைதா குறைவு என்பது உண்மை. எண்ணெய் படும் பரப்பு அதிகம் என்பதும் அதே அளவு உண்மை. இது தினசரித் தீனி அல்ல, நாள் கிழமைக்கு உரியது என்பதே நேர்மையான பதில். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. காய்ச்சக் காய்ச்சச் சேரும் கழிவுப் பொருள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லை. கறுத்து, பிசுக்கென்று நுரைக்கும் எண்ணெயைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

விருந்துக்குச் சமோசா போடுகிறவர்கள் எத்தனை என்று எண்ணுவதோடு எத்தனை ஈடு என்றும் எண்ண வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். கால் கிலோ மைதாவில் இருபத்துநான்கு சமோசா வரும். அதை மொத்தமாகப் பொரித்துக் குவித்தால் கடைசி எட்டு நமுத்துத்தான் சாப்பிடப்படும். எட்டெட்டாக மூன்று ஈடு போட்டால் இருபத்துநான்கும் மொறுமொறுப்பாகப் போகும். அப்படியானால் மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருவர் அடுப்படியில் நின்றுதான் ஆக வேண்டும். நம் வீடுகளில் அந்த ஒருவர் யார் என்பது கேட்காமலே தெரியும் விஷயமாக இருக்கிறது. ஷீட் வாட்டுவதும் வெங்காயம் அரிவதும் விருந்தாளி வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஃப்ரீசரில் வைக்காவிட்டால் மடிப்பதை மட்டும் முன்னதாகச் செய்ய முடியாது என்று பார்த்தோம். ஆகவே ஷீட்டையும் மசாலாவையும் பசைக் கிண்ணத்தையும் கூடத்துக்குக் கொண்டுவந்து, வந்தவர்கள் நடுவில் வைத்துவிடலாம். கூம்பு பிடிக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆளுக்கு நான்கு மடித்தால் ஆறு பேருக்கு வேலை முடிந்தது. முதல் ஈடு வெளியே வரும்போது அடுப்படியில் நிற்பவரை மாற்றிவிட்டால், அவரும் ஒன்றைச் சூடு ஆறுவதற்குள் கடித்துப் பார்க்கலாம்.