கேமிங் கணினி: முழுதாக வாங்குவதா, நாமே பொருத்துவதா?

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் கணினிக் கடை விளம்பரங்களில் எழுத்துகள் பெரிதாகிவிடும். “ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ரைசன் 5, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி” என்று நான்கு பெயர்கள் இருக்கும். கீழே ஒரு விலை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் மின்னும். பார்த்தவுடன் அம்மா அப்பாவிடம் காட்டத் தோன்றும். பள்ளியிலோ, “கடையில் வாங்காதே, நீயே பொருத்தினால் சில நூறு வெள்ளி மிச்சம்” என்று சொல்லும் நண்பர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

இரண்டில் எது சரி? விளம்பரத்தில் இருக்கும் நான்கு பாகங்களைவிட, அதில் இல்லாத நான்கு பாகங்கள்தான் இதற்குப் பாதி விடையைச் சொல்லும். மதர்போர்டு, பவர் சப்ளை, செயலியைக் குளிர்விக்கும் கருவி, எல்லாவற்றையும் தாங்கும் பெட்டி ஆகியவையே அவை. அவற்றுக்குப் போகும் முன், விளம்பரம் பெருமையாகச் சொல்லும் பாகங்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

விளையாட்டு ஓடும்போது திரையில் தெரிவது, வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் படங்களின் வரிசை. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்தைத் தயாரிக்க 16.7 மில்லிநொடிதான் கிடைக்கும். 144 படங்கள் வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடி. இந்த நேரத்துக்குள் இருவர் வேலையை முடிக்க வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், வீசிய குண்டு எங்கே விழும், நீங்கள் அழுத்திய பொத்தான் எது என்பதையெல்லாம் செயலி கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் அட்டைக்குச் சொல்கிறது. அட்டை அதை வரைகிறது. இருவரில் யார் மெதுவோ, அவருடைய வேகமே உங்கள் விளையாட்டின் வேகம்.

அந்த மெதுவானவர் யார் என்பது விளையாட்டையும் திரையையும் பொறுத்தது. 1080பி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 2.07 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 8.29 மில்லியன், சரியாக நான்கு மடங்கு. பெரிய திரைக்கு மாறினால் அட்டையின் சுமை ஏறிவிடும்; செயலியின் சுமை அவ்வளவாக மாறாது, ஏனென்றால் எதிரிகளின் எண்ணிக்கை கூடவில்லையே! ‘வேலரன்ட்’, ‘கவுண்டர் ஸ்டிரைக் 2’ போன்ற வேகமான விளையாட்டுகளை 1080பி திரையில் ஆடுபவருக்குச் செயலிதான் முதலில் திணறும். ‘சைபர்பங்க் 2077’ஐ 4கே திரையில் ஆட நினைப்பவருக்கு அட்டை திணறும். இருவருக்கும் ஒரே கணினியைப் பரிந்துரைக்கும் கடைக்காரர் யாருக்கும் உதவவில்லை. வீட்டில் இருப்பது பழைய 60 ஹெர்ட்ஸ் திரை என்றால், கணினி நொடிக்கு 200 படங்களைத் தயாரித்தாலும் அந்தத் திரை காட்டப்போவது 60தான்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ’ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகம் கொண்ட அட்டையும் உண்டு, 16 ஜிபி கொண்டதும் உண்டு. விளையாட்டின் காட்சித் தரவுகள் அட்டையின் நினைவகத்தில் அடங்காதபோது, கணினியின் பொது நினைவகத்திலிருந்து அவற்றை இழுத்துவர வேண்டியிருக்கும். அந்தப் பாதை மிக மெதுவானது. அப்போதுதான் படம் திடீரெனத் தடுக்கித் தடுக்கி ஓடும். (மடிக்கணினி வாங்க நினைப்போருக்கு ஓர் இடைக்குறிப்பு: மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 450 வாட் வரை எடுக்கும். மடிக்கணினியில் அதே எண்ணைத் தாங்கி வரும் சில்லுக்கு அதிகபட்சம் 175 வாட்தான். உள்ளே இருக்கும் சில்லும் வேறு.)

16 ஜிபி ரேம் என்பதும் அப்படித்தான். அது ஒரே 16 ஜிபி துண்டா, இரண்டு 8 ஜிபி துண்டுகளா என்று விளம்பரம் சொல்வதில்லை. டிடிஆர்5-6000 வகை நினைவகம் நொடிக்கு 6,000 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் வீதம் தரவை அனுப்பும். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 48 ஜிபி. இரண்டு துண்டுகளைச் சரியான இடங்களில் செருகினால் பாதை இரட்டிப்பாகி 96 ஜிபி கிடைக்கும். விலையைக் குறைப்பதற்காக ஒரே துண்டைப் போட்டு விற்கப்படும் கணினிகள் சந்தையில் இருக்கின்றன. எண் என்னவோ அதே 16தான்.

இனி, விளம்பரம் வாய் திறக்காத பாகங்கள். என்னைக் கேட்டால் அவற்றில் முதலில் விசாரிக்க வேண்டியது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை இது 12 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றுகிறது. இயற்பியல் பாடத்தில் படித்த P = VI ஞாபகம் இருக்கிறதா? 300 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 25 ஆம்பியர் ஓட வேண்டும். நம் வீட்டு மூன்று முனை பிளக்குக்குள் இருக்கும் மிகப் பெரிய ஃபியூஸ்கூட 13 ஆம்பியர்தான். அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் உங்கள் மேசைக்கடியில் மெல்லிய கம்பிகளில் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அது மட்டுமன்று. கிராஃபிக்ஸ் அட்டை சீராக மின்சாரம் எடுப்பதில்லை. வெடிப்புக் காட்சி ஒன்று வந்தால், நொடியின் மிகச் சிறு பகுதிக்கு, குறிப்பிட்ட அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். இதைத் தாங்குவதற்காகவே 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரவிதி, பவர் சப்ளை தன் அளவைப்போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோநொடிக்குச் சமாளிக்க வேண்டும் என்கிறது. மலிவான பவர் சப்ளை இந்தத் திடீர் இழுப்பில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் உச்சக்கட்டத்தில் கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்குவதாகப் புலம்புபவர்கள் பலர் கிராஃபிக்ஸ் அட்டையைத்தான் குறை சொல்வார்கள்.

நாமே பாகங்களை வாங்கிப் பொருத்துவது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கும் இந்த ‘ஏடிஎக்ஸ்’ என்ற சொல்லே விடை. 1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, மற்ற நிறுவனங்களும் அதற்கான அட்டைகளைச் செய்யும்படி அதன் வடிவமைப்பை வெளிப்படையாக வைத்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரவிதி, மதர்போர்டின் அளவு, திருகாணித் துளைகள் இருக்கும் இடம், பவர் சப்ளையின் இணைப்பு ஆகியவற்றை நிலைப்படுத்தியது. அதனால்தான் ஒரு நாட்டு நிறுவனத்தின் பெட்டிக்குள் இன்னொரு நாட்டு நிறுவனத்தின் பலகை கச்சிதமாக உட்காருகிறது. முழுதாக விற்கப்படும் பெரிய நிறுவனக் கணினிகள் சிலவற்றில் இந்த ஒழுங்கு பின்பற்றப்படுவதில்லை. மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்ற நினைத்தால் முடியாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய நேரடிக் கேள்வி: “மதர்போர்டும் பவர் சப்ளையும் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவுதானா?”

சரி, நண்பர் சொல்லும் அந்தச் சில நூறு வெள்ளி? சாதாரண காலங்களில் அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் காலம் எப்போதும் சாதாரணமாக இருப்பதில்லை. 2020 இறுதியிலிருந்து 2022 வரை சில்லுத் தட்டுப்பாடும் மின்னிலக்க நாணயத்தைத் ‘தோண்டுவோர்’ போட்டியும் சேர்ந்து, கிராஃபிக்ஸ் அட்டையைத் தனியாக வாங்குவது முழுக் கணினி வாங்குவதைவிட மோசமான பேரமாகிப் போனது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொள்ள, ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக முன்கூட்டியே பேசி வாங்குவதால், விலையேற்றம் அவர்களை நம்மைவிடத் தாமதமாகத்தான் எட்டும். ஆக, பொருத்துவதே மலிவு என்பதை மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போடுங்கள். விளம்பரத்திலுள்ள கணினியின் எட்டுப் பாகங்களையும் இன்றைய விலையில் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். விண்டோஸ் உரிமத்தின் விலையைப் பலர் விட்டுவிடுவார்கள், அதையும் சேருங்கள். வித்தியாசம் ஐம்பது, நூறு வெள்ளி என்றால், பொருத்துவதற்குப் பணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பொருத்தும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே நினைப்பதுபோல் அது கடினமன்று. ஈயப் பற்றவைப்பு எதுவும் இல்லை. ஒரு பிலிப்ஸ் திருப்புளியும் பொறுமையும் போதும். முதல்முறை என்றால் அரை நாள் ஒதுக்கலாம். ஆபத்தான கணம் ஒன்றே ஒன்று, செயலியை வைக்கும் கணம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 நுண்ணிய தொடுமுனைகள் உள்ளன. செயலி கைதவறி அவற்றின்மேல் விழுந்தால் சில வளையும். வளைந்தவற்றை நிமிர்த்துவது பெரும்பாடு. இன்னொன்று நிலைமின்சாரம். நம் கைக்குச் ‘சுரீர்’ என்று தெரிய வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் தேவை; ஆனால் சில்லுக்குச் சில நூறு வோல்ட்டே ஊறு செய்யலாம். நம் ஊரின் ஈரப்பதம் இதில் நமக்குத் துணை. ஏர்கான் ஓடும் அறையில் காற்று உலர்ந்துவிடும் என்பதால், வேலையின் நடுவே அவ்வப்போது பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்வது நல்லது.

செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே தடவும் வெப்பப் பசை எதற்கு? இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இடையே நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிடப் பல்லாயிரம் மடங்கு மோசம். பசை அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புகிறது. பட்டாணி அளவு போதும்.

உண்மையான சிரமம், எல்லாம் பொருத்தி முடித்துப் பொத்தானை அழுத்தியும் திரை கறுப்பாகவே இருக்கும்போதுதான் தெரியும். ரேம் சரியாகச் செருகப்படவில்லையா, ஒரு கம்பி விடுபட்டதா, மதர்போர்டே பழுதா? முழுதாக வாங்கிய கணினி என்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் போதும். தவறைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. தனித்தனியே வாங்கினால் ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு உத்தரவாதம், எது பழுது என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. சிங்கப்பூரில் ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகள் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளன. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பெற்றபோதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் உங்கள் கையால் வளைந்த தொடுமுனைகளுக்கு எந்தச் சட்டமும் ஈடு வாங்கித் தராது.

நல்லவேளையாக, நம் பக்கத்தில் மூன்றாவது வழி ஒன்றும் நன்கு வேரூன்றியிருக்கிறது. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரிலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவிலும் பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுக்க, ஒரு கட்டணத்துக்குக் கடையிலேயே பொருத்திச் சோதித்துத் தருவார்கள். பவர் சப்ளை எது, ரேம் எத்தனை துண்டு என்பதெல்லாம் உங்கள் முடிவு. திரை கறுப்பாக இருந்தால் அது கடைக்காரரின் தலைவலி. முதல் கணினி வாங்கும் மாணவருக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. முடிந்தால் பக்கத்தில் நின்று அவர் பொருத்துவதைப் பாருங்கள். பள்ளிப் பாடத்துக்கும் அதே கணினிதான், வீட்டில் வேறு இல்லை, தேர்வு நெருங்குகிறது என்றால் முழுதாக வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுமுறை நீண்டது, வீட்டில் இன்னொரு கணினி இருக்கிறது, தெரிந்த அண்ணன் ஒருவர் உதவுவார் என்றால் நீங்களே பொருத்துங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது மின்கட்டணமும் கேள்வியாக வரும். உள்ளே 400 வாட் செலவாகும் கணினிக்கு 80 விழுக்காட்டுத் திறனுள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து 500 வாட் எடுக்கும். நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் 1.5 யூனிட், ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குச் சுமார் 13 வெள்ளி 50 காசு. அந்த 500 வாட்டும் கடைசியில் வெப்பமாகி உங்கள் அறைக்குள்தான் வரும். அதை வெளியேற்ற ஏர்கான் எடுக்கும் மின்சாரம் இந்தக் கணக்கில் இல்லை.

எந்த வழியில் வந்த கணினியானாலும் முதல் நாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். திரையின் கம்பி மதர்போர்டின் துளையில் செருகப்பட்டிருந்தால், வாங்கிய கிராஃபிக்ஸ் அட்டை சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பி அட்டையின் துளையில் இருக்க வேண்டும். 6000 வேக ரேம் வாங்கியிருந்தாலும் பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கும்வரை அது குறைந்த வேகத்தில்தான் ஓடும். 144 ஹெர்ட்ஸ் திரையும் விண்டோஸின் திரை அமைப்பில் 60 என்றே இருக்கக்கூடும். அதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.