தீராத தாகம்

விடிந்ததும் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்புகள், பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்குத் தமிழ்ப் பெண்களை அள்ளிச் செல்கின்றன. தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் கிடைப்பது பெரும்பாடு. எனவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதே பலருக்கும் வழக்கம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அரிதாக வரும் ஒரு கோளாறில் இந்த வழக்கம் உயிருக்கே உலை வைக்கும்.

கோளாறின் பெயர் டயபடீஸ் இன்சிபிடஸ். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'இன்சிபிடஸ்' என்றால் லத்தீனில் சப்பென்று இருப்பது. சிறுநீரை ருசி பார்த்து நோயைப் பிரித்த காலத்துப் பெயர். (அந்த வைத்தியர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.)

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் வாஸோபிரஸ்ஸின் ஹார்மோன், சிறுநீரகத்தில் தண்ணீரைத் தடுத்து உடம்புக்கே திருப்பிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு என்ஸைம் இந்த ஹார்மோனைச் சிதைக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். பிட்யூட்டரி கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். சுமார் 30,000 கர்ப்பங்களில் ஒன்றில் அது முடிவதில்லை. இரட்டைக் குழந்தை என்றால் என்ஸைமும் அதிகம். அதை அழிக்க வேண்டிய கல்லீரல் பழுதுபட்டிருந்தாலும் இதே கதிதான். எனவே இந்தத் தாகத்தின் பின்னால் கல்லீரல் கொழுப்பு நோயோ ரத்தக் கொதிப்போ பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பச்சைத் தண்ணீர் போலச் சிறுநீர், சிலருக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர்கூடப் போகும். "மாசமா இருந்தா அப்படித்தான்" என்பார்கள் வீட்டில். சர்க்கரை இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் ஆஸ்பத்திரியிலும் விஷயம் அத்தோடு முடிந்துவிடலாம். சோடியம் அளவும் ஏமாற்றும். கர்ப்பிணிகளுக்கு அது நாலைந்து புள்ளிகள் குறைந்திருப்பதே இயல்பு. மற்றவர்களுக்குச் சரியான 142, இவர்களுக்கு எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' பெரும்பாலும் கர்ப்பிணிக்கானதல்ல.

தண்ணீரை நிறுத்திச் செய்யும் வழக்கமான பரிசோதனை கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. மருந்து உண்டு: என்ஸைமால் சிதைக்க முடியாதபடி மாற்றியமைத்த டெஸ்மோபிரஸ்ஸின். ஆனால் மருந்து பிடித்த பிறகும் பழையபடி குடித்துக்கொண்டே இருந்தால் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். பிரசவமான நாலு முதல் ஆறு வாரங்களில் தாகம் தானாகவே அடங்கிவிடுகிறது.

தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சாந்தன்பாறையிலிருந்து மலையிறங்கித்தான் போகவேண்டும். புறப்படும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அளவு தெரிந்த ஒரு பாட்டில் போதும். 24 மணி நேரச் சிறுநீர் மூன்று லிட்டரைத் தாண்டினால் அந்தக் கணக்கை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வழியில் குடிக்கத் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும்.